பக்கத்து பெஞ்சைப் பாருங்கள்

‘குரோமார்ட்டி ஹைஸ்கூல்’ என்ற அனிமேயின் (ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்) முதல் நான்கு எபிசோடுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 12 நிமிடம்தான். நான்கும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குக் குறைவு. ஜப்பானியப் பள்ளிக்கூடத்தை வைத்துக் கிறுக்குத்தனமாகக் கிண்டலடிக்கும் அனிமே வகைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் நடத்துகிறவள். பள்ளிக்கூடத்தை வைத்து எடுத்த எதைப் பார்த்தாலும் ‘இதெல்லாம் எங்கே நடக்கும்?’ என்றுதான் முதலில் தோன்றும். அந்தப் புத்தியை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வரச் சொல்வார்கள். கேட்காதீர்கள். இந்த வகையைப் பார்க்க அந்தப் புத்திதான் வேண்டும். வகுப்பறை என்றால் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்தவர்களுக்கே இதில் கூடுதல் சிரிப்பு.

குரோமார்ட்டி 2003 அக்டோபரிலிருந்து 2004 மார்ச் வரை டிவி டோக்கியோவில் ஓடியது. மொத்தம் 26 எபிசோடுகள். எய்ஜி நோனாகாவின் மங்காதான் (ஜப்பானிய காமிக்ஸ்) மூலம். 2000இல் ‘வீக்லி ஷோனென் மேகசின்’ இதழில் தொடங்கி 2006 வரை வந்தது. அனிமேயைத் தயாரித்தது புரொடக்‌ஷன் ஐ.ஜி., அதாவது ‘கோஸ்ட் இன் த ஷெல்’ எடுத்த அதே நிறுவனம். ஆனால் இதில் அந்தப் பளபளப்பை எதிர்பார்க்க வேண்டாம். பாதி நேரம் படம் அசையவே அசையாது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள், வாய் மட்டும் அசையும். அது சோம்பேறித்தனம் இல்லை, எதற்காக அப்படி என்று கீழே சொல்கிறேன்.

கதை இவ்வளவுதான். கமியாமா நன்றாகப் படிக்கிற பையன். தனக்கு உதவிய நண்பன் ஒருவன் குரோமார்ட்டியில் சேரப்போகிறான் என்பதற்காகத் தானும் அங்கே நுழைவுத் தேர்வு எழுதுகிறான். ஜப்பானில் கட்டாயக் கல்வி 9 ஆண்டுகளோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் மூன்று வருட உயர்நிலைப் பள்ளிக்குத் தேர்வு எழுதித்தான் போக வேண்டும். குரோமார்ட்டி என்பது வேறெங்கும் இடம் கிடைக்காத ரவுடிப் பிள்ளைகள் சேரும் பள்ளி. கமியாமா பாஸ். நண்பன் ஃபெயில்! இப்போது அந்த ரவுடிகளுக்கு நடுவில் இவன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான், அம்மாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு.

இதே தொடக்கத்தை வைத்து ஒருவர் உருக்கமான படம் எடுக்கலாம், அடிதடிப் படமும் எடுக்கலாம். இவர்கள் இரண்டையும் செய்யவில்லை.

இனி, எப்படிப் பார்ப்பது என்கிற விஷயம்.

கமியாமாவின் வகுப்பில் மெக்காசாவா என்று ஒரு மாணவன். அவன் ரோபோ. மனிதன் மாதிரி இருக்கிற ரோபோ என்று நினைத்துவிடாதீர்கள்; உருளை வடிவ உடம்பு, உருளை வடிவத் தலை, அதன்மேல் கறுப்பு யூனிஃபார்ம். குரல் மட்டும் கம்பீரமான ஆண் குரல், கொடுத்தவர் நோரியோ வாகாமோட்டோ. வகுப்பில் இன்னொரு பெஞ்சில் உண்மையான கொரில்லா ஒன்று வந்து போகும். வேறொருவன் மீசையும் வெற்று மார்புமாக குவீன் இசைக்குழுவின் ஃபிரெடி மெர்க்குரி போலவே இருப்பான், பேசவே மாட்டான். பெயர் தெரியாததால் எல்லோரும் ‘ஃபிரெடி’ என்றே கூப்பிடுகிறார்கள். (அந்த நிஜ ஃபிரெடி படித்தது நம்ம பஞ்சகனி போர்டிங் ஸ்கூலில்தான். அவர் வகுப்பில் வருகை எடுத்த வாத்தியாரை நினைத்துக்கொள்கிறேன்.)

புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ரோபோவைப் பார்ப்பார்கள், கொரில்லாவைப் பார்ப்பார்கள். முப்பது வினாடி சிரிப்பு வரும். அப்புறம் ‘சரி, ரோபோ இருக்கு, அதுக்கென்ன?’ என்று ஆகிவிடும். எனக்கு இந்த அனிமேயைப் போட்டுக் காட்டிய அக்கா மகனும் முதல் நாள் அப்படித்தான் ஸ்கிரீனை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தான்.

“சித்தி, அவன் ரோபோ சித்தி!”

“தெரியுதுடா. பின்னாடி உக்காந்திருக்கானே, அவன் மூஞ்சியப் பாரு.”

பின்னால் உட்கார்ந்திருந்தவன் எந்த உணர்ச்சியும் இல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். ரோபோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி அவனுக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை.

இந்த வகையைப் பார்க்க நான் சொல்லித்தர நினைப்பது இது ஒன்றைத்தான். கிறுக்கனைப் பார்க்காதீர்கள், கிறுக்கனுக்குப் பக்கத்தில் இருப்பவனைப் பாருங்கள். நகைச்சுவை அவன் முகத்தில்தான் இருக்கிறது. மெக்காசாவா ரோபோவோ என்று சந்தேகப்படுவது கமியாமா, ஹயாஷிதா, மாயேதா மாதிரி இரண்டு மூன்று பேர் மட்டும். மற்றவர்களுக்கு அவன் ஒரு நல்ல கெத்தான பையன், அவ்வளவே. சந்தேகப்படுகிறவர்களும் வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிறார்கள். நீங்கள் வாத்தியாராக இருந்தால் இந்தத் தயக்கத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள். வகுப்பில் ஒரு கேள்வியை எல்லோரும் மனசுக்குள் வைத்திருப்பார்கள், கேட்டால் தான் மட்டும் முட்டாளாகத் தெரிவோமோ என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். தேய்மானம் நடத்தும்போது எனக்கு அது தினமும் நடக்கிறது. ரவுடிகளுக்குப் பந்தா இன்னும் அதிகம். அதனால் ரோபோ நிம்மதியாகப் பள்ளிக்கூடம் வந்து போகிறது.

எதைக் கிண்டலடிக்கிறார்கள் என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் இந்தப் பந்தாவின் ருசி இன்னும் ஏறும். 1980களில் ஜப்பானில் ‘யாங்க்கி’ மங்கா என்று ஒரு அலை அடித்தது. யாங்க்கி என்றால் பள்ளிக்கூட ரவுடிப் பையன்கள். நெற்றிக்கு மேல் குன்று மாதிரி சீவிய முடி, முழங்கால் வரை தொங்கும் கறுப்பு கோட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் ‘பன்ச்சோ’ என்று ஒரு தலைவன், பக்கத்துப் பள்ளியோடு தீராத பகை. 1983இல் தொடங்கிய ‘பி-பாப் ஹைஸ்கூல்’, ‘ஷோனென் ஜம்ப்’ இதழில் 1985 முதல் 1991 வரை வந்த ‘சாகிகாகே!! ஓத்தோகோஜுக்கு’ எல்லாம் அந்த வரிசை. குரோமார்ட்டியின் முழு ஜப்பானியப் பெயரே ‘சாகிகாகே!! குரோமாட்டி கோக்கோ’ என்றுதான் ஆரம்பிக்கும். பெயரிலேயே ஓத்தோகோஜுக்குவைச் சீண்டிவிட்டுத்தான் உள்ளே கூப்பிடுகிறார்கள்.

ஓவியத்தில் நடக்கும் சீண்டல் வேறு. நோனாகா வரைந்த முகங்கள் ‘கிரையிங் ஃப்ரீமேன்’ வரைந்த ரியோஇச்சி இகேகாமியின் பாணியில் இருக்கும். கூர்மையான மூக்கு, கனமான நிழல், துரோகத்தையும் மரணத்தையும் சந்தித்துவிட்டு வந்த மாதிரி ஒரு பார்வை. அந்தப் பார்வையோடு ஒருவன் பென்சிலைப் பற்றிப் பேசுவான். படம் அசையாமல் நிற்பதன் காரணம் இதுதான். அந்த முகம் ஒரு கணம் கோணினால்கூட ஜோக் செத்துவிடும். ஆகவே முன்தயாரிப்பு: குரோமார்ட்டிக்கு முன் நிஜமான யாங்க்கி மங்கா ஏதாவது ஒன்றில் இருபது முப்பது பக்கம் புரட்டிப் பாருங்கள். கதை புரிய வேண்டியதில்லை. அந்த முறைப்பு மனசில் பதிந்தால் போதும்.

பள்ளிப் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரன் குரோமார்ட்டி என்பவர் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர். 1984 முதல் 1990 வரை ஜப்பானின் யோமியூரி ஜயன்ட்ஸ் அணிக்கு ஆடினார், 1989இல் சென்ட்ரல் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். ஒரு ரவுடிப் பள்ளிக்கு ஏன் அவர் பெயர்? காரணமே கிடையாது. எதிரிப் பள்ளியின் பெயர் பாஸ் ஹைஸ்கூல், அது ஹன்ஷின் டைகர்ஸ் அணியில் 1985, 1986 இரண்டு வருடமும் ட்ரிப்பிள் கிரவுன் என்ற பேட்டிங் கௌரவத்தை எடுத்த ராண்டி பாஸ். இதை ஆராய்ச்சி செய்து புதைபொருள் தேடாதீர்கள், ஒன்றும் கிடைக்காது. 2005இல் இந்தக் கதை நடிகர்களை வைத்துத் திரைப்படமானபோது அந்த நிஜ குரோமார்ட்டி ஆட்சேபம் தெரிவித்தார். அவருக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் போக்கே, ட்சுக்கோமி. ஜப்பானிய மேடை நகைச்சுவையான மன்சாயில் இரண்டு பேர் இருப்பார்கள். போக்கே உளறுவான், ட்சுக்கோமி ‘டேய், என்னடா பேசுற?’ என்று தலையில் தட்டித் திருத்துவான். நமக்கு இதை விளக்கவே வேண்டாம், செந்தில் வாய் திறக்க கவுண்டமணி எட்டி உதைக்கிற கணக்குதான். ட்சுக்கோமியின் வேலை பார்வையாளருக்காகப் பேசுவது. ‘நீங்கள் நினைப்பது சரிதான், இது கிறுக்குத்தனம்தான்’ என்று அவன் நம் சார்பில் சத்தம் போடுகிறான்.

இந்த அனிமேக்களை நான் வரிசைப்படுத்துவது அந்த ட்சுக்கோமி எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துத்தான். முழுதாக இருந்தால் சுலபமான அனிமே. குறையக் குறையக் கஷ்டம், கூடவே ருசி. குரோமார்ட்டி உங்களுக்கு முதல் இரண்டு எபிசோடிலேயே வறட்டென்று இருந்தால், வரிசையின் மறுமுனைக்குப் போய் அங்கிருந்து நடந்து வாருங்கள்.

மறுமுனை என்றால் ‘ஃபுல் மெட்டல் பேனிக்? ஃபுமொஃபு’. 2003, கியோட்டோ அனிமேஷன், 12 எபிசோடுகள், இயக்கம் யாசுஹிரோ தாகேமோட்டோ. போர்க்களத்திலேயே வளர்ந்த சோஸ்கே என்ற பையனை டோக்கியோ பள்ளியில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? காலையில் வந்து பார்க்கிறான், காலணி வைக்கும் பெட்டியை யாரோ திறந்திருக்கிறார்கள். குண்டு வைத்திருப்பார்கள் என்று முடிவுகட்டி, பெட்டியையே வெடி வைத்துத் தகர்த்துவிடுகிறான். உள்ளே இருந்தது காதல் கடிதம். ஒவ்வொரு தடவையும் கனாமே என்ற பெண் காகித விசிறியை மடக்கி அவன் தலையில் ஒன்று போடுவாள். ட்சுக்கோமி ஃபுல் டைம் டியூட்டி. இதற்கு மூலமான தொடர் 2002இல் கோன்ஸோ எடுத்த, ரோபோ சண்டையெல்லாம் உள்ள சீரியஸான அனிமே. அதைப் பார்க்காமலே ஃபுமொஃபுவில் நுழையலாம். தாகேமோட்டோ 2019 ஜூலையில் கியோட்டோ அனிமேஷன் ஸ்டுடியோவுக்குத் தீ வைக்கப்பட்ட கொடுமையில் இறந்துபோன 36 பேரில் ஒருவர். அது தெரிந்த பிறகு அந்த முதல் எபிசோடை என்னால் பழைய மாதிரி லேசாகப் பார்க்க முடிவதில்லை, ஆனால் பார்க்கிறேன்.

அடுத்த படி ‘சைக்கி குசுவோ’. 2016இல் வந்தது. மனோசக்தி உள்ள மாணவன். சுற்றியிருப்பவர்கள் செய்யும் கிறுக்குத்தனத்துக்கெல்லாம் அவன் மனசுக்குள்ளேயே பதில் சொல்வான், உதடு அசையாது. அதாவது ட்சுக்கோமி இருக்கிறது, ஆனால் நமக்கு மட்டும் கேட்கும். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று. அவனுக்கு ரோஜா நிறத் தலைமுடி. அனிமேயில் ஆளுக்கொரு நிறத்தில் முடி இருக்கும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்களே, அதற்கு இவன் விளக்கம் தருகிறான்: தன் முடி யாருக்கும் விசித்திரமாகத் தெரியக் கூடாது என்று உலகத்தார் எல்லோருடைய மனசையும் தானே மாற்றி வைத்துவிட்டானாம். பக்கத்து பெஞ்சுக்காரன் ஏன் சும்மா இருக்கிறான் என்ற கேள்விக்கு இந்த வகையிலேயே யாரோ ஒருவர் பதில் சொல்லிவிட்டார்! இயக்குநர் ஹிரோஆகி சகுராய். குரோமார்ட்டியை இயக்கியவரும் இவர்தான்.

நடுவில் இருப்பது ‘டான்ஷி கோக்கோசெய் நோ நிச்சிஜோ’. பையன்கள் பள்ளிக்கூடத்து வெட்டி நேரம். சன்ரைஸ் தயாரிப்பு, 2012, 12 எபிசோடுகள், இயக்கம் ஷின்ஜி தகாமட்சு. ஜப்பானியப் பள்ளி அனிமேயின் இடங்கள் உங்களுக்கு ஓரளவு பழக்கமான பிறகு இதைப் போடுங்கள். ஏனென்றால் இது கிண்டலடிப்பது அந்த இடங்களைத்தான். மாலை வெயிலில் ஆற்றங்கரைச் சரிவு என்றால் மனசு திறந்து பேசும் இடம். மொட்டைமாடி என்றால் காதலைச் சொல்லும் இடம். ஜன்னலோரக் கடைசி பெஞ்சில் கதாநாயகன் உட்கார்ந்திருப்பான். வாயில் ரொட்டித் துண்டோடு ஓடிவரும் பெண் தெருமுனையில் அவன்மேல் மோதுவாள். இப்படி ஒரு பத்து விஷயம் உண்டு, நாலு காதல் அனிமே பார்த்தவர்களுக்குத் தன்னால் தெரிந்திருக்கும்.

முதல் எபிசோடில் அந்த ஆற்றங்கரைக் காட்சி வருகிறது. இந்த வகையை யாருக்காவது அறிமுகப்படுத்த ஒரே ஒரு காட்சிதான் காட்டலாம் என்றால் நான் இதைத்தான் காட்டுவேன். ஹிடேனோரி சரிவில் தனியாக உட்கார்ந்து புத்தகம் படிக்கிறான். எவளோ ஒரு பெண் வந்து அவனுக்குப் பின்னால், பேச எட்டும் தூரத்தில் உட்காருகிறாள். பேசவில்லை. நகரவும் இல்லை. காற்று வீசுகிறது. இவனுக்கு வியர்க்க ஆரம்பிக்கிறது: ‘இவள் என்னிடம் ஏதோ எதிர்பார்க்கிறாள். அனிமேயில் வருகிற மாதிரி ஒரு வசனத்தை எதிர்பார்க்கிறாள்.’ யோசித்து யோசித்து, கடைசியில் இன்று காற்று ஆர்ப்பரிக்கிறது என்கிற மாதிரி ஒரு வசனத்தை ஆழ்ந்த குரலில் சொல்லிவிடுகிறான். சொன்ன மறுநொடி கூச்சத்தில் செத்துவிடலாம் போல இருக்கிறது அவனுக்கு. அவளோ பூரித்துப்போய், இந்தக் காற்று அழவும் செய்கிறது என்கிற ரீதியில் பதில் சொல்கிறாள். நாடகம் அப்படியே மேலே மேலே ஏறும்போது அவன் கூட்டாளி ஒருவன் ஓடிவந்து, கடையில் உருளைக்கிழங்கு வறுவல் பாதி விலை என்று கத்துகிறான்.

கவனியுங்கள், அங்கே கிறுக்கர்கள் யாரும் இல்லை. இரண்டு சாதாரணப் பிள்ளைகள். இருவரும் நிறைய அனிமே பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பகடி என்பதை முகத்தில் கரி பூசுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் போட்டுக் காட்டுவது.

‘நிச்சிஜோ’வை இதற்கு அடுத்து வையுங்கள். பெயர் ஒன்று போல இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், அது வேறு. கேஇச்சி அராவியின் மங்கா, கியோட்டோ அனிமேஷன் 2011இல் எடுத்தது, 26 எபிசோடுகள். இதில் எதிர்வினை குரோமார்ட்டிக்கு நேர் எதிர்த் திசையில் போகும். அங்கே பெரிய விஷயத்துக்கு ஒருவரும் அசைய மாட்டார்கள். இங்கே சின்ன விஷயத்துக்கு வானம் பிளக்கும். மியோ ஒரு நோட்டைத் தோழியிடம் கொடுத்துவிடுகிறாள். உள்ளே தான் ரகசியமாக வரைந்த படம் இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. அதைத் தடுக்க அவள் ஓடும் ஓட்டத்தை ஒரு போர்ப் படத்துக்கான உழைப்போடு வரைந்திருக்கிறார்கள்.

ஆனால் இதிலும் பக்கத்து பெஞ்சு விதி செல்லும். பள்ளித் தலைமையாசிரியர் மைதானத்தில் ஒரு மானோடு சண்டை போடும் காட்சி ரொம்பப் பிரபலம். மல்யுத்தம். மானை இடுப்போடு பிடித்துத் தூக்கிப் பின்பக்கமாக வளைந்து தரையில் அடிக்கிறார். துண்டு துண்டாகப் பரவியிருப்பதால் நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கலாம். அந்தத் துண்டில் பெரும்பாலும் விட்டுப்போவது யூக்கோ. வகுப்பு ஜன்னலிலிருந்து இதைப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். சிரிப்பதா, ஓடிப்போய்த் தடுப்பதா, பார்த்ததை யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா என்று அவள் முகத்தில் வரிசையாக ஓடுகிறது. முழு எபிசோடாகப் பாருங்கள் என்று நான் அடித்துச் சொல்வது அதற்காகத்தான். ஒரு தலைமையாசிரியரை அந்த நிலையில் பார்க்கும் சந்தோஷம் வேறு இருக்கிறது, அதை நான் விவரிக்கப் போவதில்லை.

நிச்சிஜோவிலும் ஒரு ரோபோ மாணவி உண்டு. நானோ. முதுகில் சாவி கொடுக்கும் பெரிய திருகு நீட்டிக்கொண்டிருக்கும். எட்டு வயது விஞ்ஞானிக் குழந்தை ஒன்று செய்த ரோபோ அவள். தான் ரோபோ என்று யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் அவள் கவலை; எல்லோருக்கும் தெரிகிறது, ஆனால் நேராகச் சொல்லி அவள் மனசைக் கஷ்டப்படுத்துவதில்லை. அவளைப் பிடித்து ஆராய வேண்டும் என்று அலைவது ஒரு அறிவியல் ஆசிரியை மட்டும். (எங்கள் தொழிலுக்கு எங்கேயும் நல்ல பெயர் கிடையாது.) நானோ வரும் எபிசோடு ஒன்றையும் மெக்காசாவா வரும் எபிசோடு ஒன்றையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரே கரு, இரண்டு வகுப்பறை. அங்கே பந்தாவினால் பேசாமல் இருக்கிறார்கள், இங்கே பிரியத்தினால். நானோ பள்ளியில் சேருவதே தொடரின் பாதியில்தான், அதனால் முதல் பாதியில் அவளை வகுப்பில் தேடாதீர்கள்.

‘சாகாமோட்டோ’வுக்கு இந்த வரிசையில் தனி இடம். 2016, ஸ்டுடியோ டீன். நாமி சானோவின் மங்கா. அவர் 2023இல் 36 வயதில் காலமானார். சாகாமோட்டோ எதிலும் குறையில்லாத பையன். கதவுக்கு மேல் வைத்த டஸ்டர் தலையில் விழுவதற்குள் விரல்களுக்கு நடுவில் பிடிப்பான். வகுப்பில் குளவி நுழைந்தால் ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸை எடுத்து வாள்வீரன் போல அதோடு சண்டை போடுவான். இங்கே சுற்றியிருப்பவர்கள் மௌனமாகவும் இல்லை, திருத்தவும் இல்லை. வாயைப் பிளந்து ரசிக்கிறார்கள்! காதல் அனிமேயின் ‘எல்லாம் தெரிந்த’ கதாநாயகனுக்கு வகுப்பே எப்படி மயங்கிக் கிடக்குமோ, அதை அப்படியே வைத்துவிட்டு அவன் செய்யும் காரியத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். வாரத்துக்கு ஒன்று போதும். ஒரே மூச்சில் பார்த்தால் ஐந்தாவது எபிசோடில் சலிக்கும்.

இயக்குநர் இங்கேயும் ஷின்ஜி தகாமட்சுதான். ‘கிந்தாமா’ அனிமேயின் ஆரம்ப வருடங்களை இயக்கியவரும் அவரே. மந்திரக் கோலைச் சுழற்றி உடை மாற்றும் சிறுமிகள் அனிமேயை எடுத்து, சிறுமிகளின் இடத்தில் உயர்நிலைப் பள்ளிப் பையன்களை வைத்து 2015இல் ‘பினான் கோக்கோ சிக்கியூ போயெய்-பு லவ்!’ எடுத்ததும் அவர். அடுத்து எதைப் பார்ப்பது என்ற கேள்விக்கு நான் பின்பற்றும் வழி இதுதான்: சிபாரிசுப் பட்டியலைத் தேடாமல் இயக்குநர் பெயரைப் பிடித்துக்கொண்டு போவது. தகாமட்சு, சகுராய் என்ற இரண்டு பெயர் போதும், ஒரு வருடத்துக்குத் தாங்கும்.

சில நடைமுறை விஷயங்கள். ஜப்பானியக் குரலிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள். வாகாமோட்டோவின் அந்தக் குரல் இல்லாமல் மெக்காசாவா பாதிதான். ஒரு ஜோக் புரியாவிட்டால் நடுவில் நிறுத்தித் தேடாதீர்கள். இந்த வகையில் ஜோக்குக்குப் பிறகு வரும் இரண்டு வினாடி மௌனம்தான் அடி, நிறுத்தினால் அது போச்சு. தேட வேண்டியதை எபிசோடு முடிந்தபின் தேடுங்கள். ‘இப்போ பாரு, இப்போ பாரு’ என்று சொல்லும் ஆளோடு உட்காராதீர்கள். குரோமார்ட்டியை ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம் என்பேன். மொத்தமே ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது?

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நிச்சிஜோ, சைக்கி தாராளமாகப் போடலாம். டான்ஷியில் விடலைப் பையன்களின் அசட்டு ஜோக்குகள் வரும், முதல் எபிசோடிலேயே தங்கையின் பாவாடையை வைத்து ஒரு கூத்து உண்டு. பெரியவர்கள் முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ‘பிரிசன் ஸ்கூல்’ என்று ஒன்று பட்டியல்களில் தட்டுப்படும். பெயரைப் பார்த்துப் பள்ளிக்கூடக் காமெடி என்று பிள்ளைகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

‘சயோனாரா ஸெட்சுபோ சென்செய்’யைக் கடைசிக்கு வையுங்கள். 2007, ஷாஃப்ட் ஸ்டுடியோ, கோஜி குமேட்டாவின் மங்கா. எதற்கெடுத்தாலும் மனமுடைந்துபோகும் ஒரு வாத்தியார் கதை. ஆரம்பமே தற்கொலை முயற்சியை வைத்துத்தான், ஆகவே மனசு சரியில்லாத நாளில் வேண்டவே வேண்டாம். கரும்பலகை முழுக்கப் பொடி எழுத்தில் கிண்டல் எழுதியிருக்கும், அதில் பெரும்பகுதி அந்த வருட ஜப்பானியச் செய்திகளைப் பற்றியது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தே தீர வேண்டிய ஒரே அனிமே இது. கரும்பலகையை இவ்வளவு நன்றாக உபயோகித்த வாத்தியார் வேறு யாரும் இல்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

2024இல் வந்த ‘ஷிகானோகோ’ பற்றிப் பலர் கேட்கிறார்கள். தலையில் மான்கொம்போடு ஒரு பெண் பள்ளியில் வந்து சேர்கிறாள். தலைப்புப் பாட்டு ஒட்டிக்கொள்ளும். ஆனால் இதில் பக்கத்தில் இருப்பவள் ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கிறாள், எனக்கு அது அலுத்துவிட்டது. பதினாறு பதினேழு வயதுக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குரோமார்ட்டிக்குத் திரும்பும்போது முன்பு கவனிக்காமல் விட்டவர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாயேதாவை எதிரிப் பள்ளிக்காரர்கள் மறுபடி மறுபடி கடத்திக்கொண்டு போவார்கள். கொஞ்சமாவது நியாயமான கேள்வி கேட்கிறவன் அவன்தான், அவனைத்தான் கடத்துகிறார்கள். வகுப்புத் தலைவன் தாகேனோச்சிக்கு வண்டி ஏறினால் வாந்தி வரும், கெத்துப் போய்விடும் என்று யாரிடமும் சொல்ல மாட்டான். சுற்றுலா போகிற விமானத்தில் முகமூடி போட்ட கடத்தல்காரன் ஒருவன் வருகிறான், பிறகு அவனே தாகேனோச்சியின் இடத்தில் வகுப்பில் வந்து உட்காருகிறான், முகமூடியோடு. ஹொக்குடோ என்று ஒருவன் பள்ளியைத் தன் பிடிக்குள் கொண்டுவர வருகிறான்; அப்பா தனியார் பள்ளியின் நிர்வாகக் குழுத் தலைவர் என்ற திமிர். வந்த பிறகுதான் தெரிகிறது, இது அரசுப் பள்ளி, அப்பாவின் பெயர் இங்கே செல்லாது. அவனுக்குப் பின்னாலேயே ஒரு அல்லக்கை சுற்றுவான். தன் பெயரைச் சொல்ல அவன் வாயெடுக்கும் போதெல்லாம் யாராவது குறுக்கே பேசிவிடுவார்கள். 26 எபிசோடும் முடிந்தாலும் அந்தப் பெயர் வராது. இன்டர்நெட்டில் தேடாதீர்கள், அங்கேயும் இல்லை.